ஸ்டோர் ரூமில் ஆள் இல்லை

பாஞ்சாலிக்கு எதைக் கண்டாலும் பயம். சொன்னால் சிரிப்பீர்கள். பஸ்ஸில் கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் கேட்டால் திடுக்கிடுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை மூச்சு விடமாட்டாள். கதவை யாராவது இரண்டு தரத்துக்கு மேல் தட்டிவிட்டால் போச்சு, திறக்கவே மாட்டாள். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் ஆறு வருஷமாக இருக்கிறாள். இன்னமும் எந்த அறைக்குள் போனாலும் முதலில் வெளியே போக எத்தனை வழி இருக்கிறது என்றுதான் பார்ப்பாள்.

அவளுக்குச் சோறு போடுவதும் அந்தப் பயம்தான். டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஐந்து பேர் வேலை செய்கிற சின்ன கம்பெனி அது. செல்போன் கேம் தயாரிக்கிற பெரிய கம்பெனிகளுக்கு லெவல் கட்டிக் கொடுக்கிறார்கள். பாஞ்சாலி கட்டுவது ஒளிந்து விளையாடுகிற கேமுக்கு. சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. காவலாளிகள் கண்ணில் படாமல் உள்ளே போக வேண்டும், போன காரியத்தை முடிக்க வேண்டும், வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போகிற இடத்துக்கு மேப் என்று பெயர். அங்கே முடிக்க வேண்டிய காரியத்துக்கு மிஷன் என்று பெயர்.

மேப் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் ஒரு ரைஸ் மில் கட்டினாள். நெல் கொட்டுகிற களம், உமி மலை, பெல்ட் ஓடுகிற சந்து, ஆள் நுழைகிற ஓட்டை என்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்து ஒரு ரயில்வே ஜங்ஷன். நடைமேம்பாலத்துக்குக் கீழே யாரும் பார்க்காத இரும்பு ஏணியைக்கூட விடாமல் வைத்தாள். ஆனால் மிஷன்? ரைஸ் மில்லுக்குள் போய் சாக்கில் குத்துகிற ஒரு முத்திரையை எடுத்து வர வேண்டும். ஜங்ஷனுக்குள் போய் ரயில் கார்டு வைத்திருக்கும் விசிலை எடுத்து வர வேண்டும். முன்வாசலாலே போய் முன்வாசலாலே வந்துவிடலாம். ஆபத்தான காரியத்தைச் செய்யச் சொல்ல அவளுக்கு மனசு வராது. ஆடுகிறவன் மாட்டிக்கொள்வானே என்று இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் காவலாளிகளை டீ குடிக்க அனுப்பிவிடுவாள்.

மூன்றாவதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டினாள். வினை அதில்தான் வந்தது.

முஆத் வேலையில் அவளுக்கு மேலே இருக்கிறவன். கோட்டக்குப்பத்துக்காரன், அப்பா சவுதியில் இருக்கிறார். அதிர்ந்து பேசாத ஆள். அவன் கேம் கம்பெனியிடமிருந்து வந்த கடிதத்தை அவளுக்குக் காட்டினான். இவ்வளவு அழகான மண்டபத்தைக் கட்டிவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்து வா என்று சொன்னால் யார் ஆடுவார்கள் என்று கேட்டிருந்தார்கள். பத்து நாளில் உருப்படியான மிஷன் வராவிட்டால் இந்த லெவலும் வேண்டாம், இனி எந்த லெவலும் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"மேப் அட்டகாசம் பாஞ்சாலி. ஒரு ரூம் மட்டும் இன்னா வெறும் டப்பாவா கெடக்குது? ஸ்டோர் ரூம்னு பேர் போட்டுட்டு உள்ள ஒண்ணுமே வைக்கல நீ," என்றான்.

அந்த அறை சரியாக நினைவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அது முழுப் பொய். அந்த அறையில் எத்தனை தேங்காய் இருந்தது என்பதுகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

திண்டிவனத்தில் இருக்கிற மண்டபம் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பாஞ்சாலியின் கல்யாணம் அங்கேதான் நடப்பதாக இருந்தது. மயிலம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம் அவர்களுடையது. செஞ்சிப் பக்கத்து மாப்பிள்ளை. நிச்சயம் ஆன நாலு மாசமும் அவள் போன் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஆள் தன் போனில் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் மயிலத்தில் தோழி வீட்டில் இருபது நிமிஷம் இருந்துவிட்டாள். அதற்குள் பதினாலு தடவை கூப்பிட்டான். கடைசியில் எடுத்தபோது, "என் வூட்டுக்கு வருவ இல்ல, அன்னிக்கு இருக்குது உனக்கு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அம்மாவிடம் சொல்லி அழுதாள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் அம்மா. சரியாகாது என்று பாஞ்சாலியின் ஈரக்குலைக்குத் தெரிந்திருந்தது.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஏழரைக்கு முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது, அலங்காரம் செய்கிற பெண் எட்டு மணிக்கு வருவதாக இருந்தது. பாஞ்சாலி போனை மணப்பெண் அறையிலேயே சார்ஜில் போட்டாள். அந்த ஆள் போனில் அவள் இருக்கிற இடத்தைக் காட்டுகிற புள்ளி மண்டபத்தை விட்டு அசையாது. பழைய நைலான் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டு, வராந்தாவில் கிடந்த எச்சில் இலை வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவே நடந்தாள். சொந்த மாமனும் அத்தையும் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். எச்சில் இலை எடுக்கிறவளை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் போக ஸ்டோர் ரூம் ஒன்றுதான் வழி. அதற்குள் சீனுவாசன் பெரியப்பா இருந்தார்.

எந்தக் கல்யாணத்திலும் ஸ்டோர் ரூம் சாவி கறாரான ஒரு ஆளிடம்தான் இருக்கும். அவர்கள் குடும்பத்தில் அந்த ஆள் அப்பாவின் அண்ணன் சீனுவாசன்தான். சமையல்காரர் ஒரு கை முந்திரி அதிகம் கேட்டால் முறைக்கிற மனுஷர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பிடித்திருந்த கைகளைத்தான் பார்த்தார். முழங்கை வரைக்கும் மருதாணி. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். பாஞ்சாலிக்கு உயிர் போய்விட்டது. அவர் சத்தம் போட வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பித் தேங்காயை எண்ண ஆரம்பித்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. அவள் இழுத்தபோது கிரீச்சென்றது. பெரியப்பா குரலை உயர்த்தி, நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு என்று கத்தி எண்ணினார். அவள் சந்துக்குள் ஓடினாள்.

அன்றைக்கு ஊரே தேடியது. தம்பி பூவரசனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. பைக்கை எடுத்துக்கொண்டு, கண்டால் காலை ஒடித்துவிடுகிறேன் என்று கத்திக்கொண்டு போனானாம். ஆனால் கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்ததால், முன்வாசல் வழியாகத்தான் போயிருப்பாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு. அண்ணனே நம் மானத்தைக் கப்பலேற்றிவிட்டான் என்று தெரிந்தால் அப்பா அரிவாளைத் தூக்குவார். எழுபது வயசில் பெரியப்பா எங்கே போவார்? பாஞ்சாலி பயந்ததெல்லாம் தனக்காக இல்லை. தன்னை அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த மனுஷர் பெயர் வெளியே வந்துவிடக் கூடாது. ஆறு வருஷமாக அவள் ஒருத்தரிடமும், அப்பாவுக்குத் தெரியாமல் எப்போதாவது போனில் பேசுகிற அம்மாவிடம்கூட, மூச்சு விடவில்லை.

மண்டபத்துக்குப் போக அவள் நாள் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். விடுதியில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். முகூர்த்தம் இல்லை என்றால் மண்டபத்தில் வாட்ச்மேனைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள்? மஞ்சள் நீராட்டு விழாவுக்கு முகூர்த்தம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வந்தவள் மண்டபத்து வாசலில் வைத்திருந்த பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் பட்டுப் பாவாடையில் பெரியப்பாவின் பேத்தி. கீழே வரவேற்கும் சித்தப்பாக்கள் வரிசையில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி பூவரசன். பந்தலுக்குள் பன்னீர் தெளிக்கிற மேஜை பக்கத்தில் அப்பாவின் வழுக்கைத் தலை தெரிந்தது. திரும்பி ஓடலாம் என்று காலை எடுத்தாள். ரோட்டிலிருந்து பூவரசனின் பைக் வாசலுக்குள் திரும்பியது. அதே பைக். ஹாரன் சத்தம்கூட மாறவில்லை.

வேறு போக்கு இல்லை. அவள் சுவரோரச் சந்தில் புகுந்தாள். கொல்லைப்பக்கம் லோடு ஆட்டோவிலிருந்து வாழைத்தார் இறக்கி முடித்திருந்தார்கள், ஸ்டோர் ரூம் கதவு திறந்து கிடந்தது. சொந்தப் பேத்தி விசேஷத்திலும் சாவியை யாரிடமும் கொடுக்காத பெரியப்பா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். அவளைப் பார்த்ததும் வெற்றிலை கையிலிருந்து நழுவியது.

ஆறு வருஷமாக அவரைப் பார்த்தால் காலில் விழ வேண்டும் என்று நினைத்திருந்தாள். உலகத்தில் பயப்படாத ஒரே மனுஷர் இவர்தான் என்று நினைத்திருந்தாள். பெரியப்பா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். அவர் கண் பந்திப் பக்கத்துக் கதவிலேயே இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடலியே கண்ணு?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"நான் சாவுற வரைக்கும் சொல்லிடாத. உங்கப்பன் தாங்கமாட்டான். அன்னிக்கு எனக்குக் கைகால் ஓடல, தாப்பாளக்கூட நான் போடல. அப்புறம் வந்து பாத்தா போட்டுக்கினு இருக்குது. அங்காளம்மாதான் போட்டிருக்கா. அதுக்கோசரம்தான் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போய்க்கினு இருக்கேன்."

தன்னை வெளியே அனுப்பிவிட்டு இந்த மனுஷர் ஆறு வருஷமாக இந்த அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பாஞ்சாலிக்கு அப்போதுதான் புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பந்திப் பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சுடிதார் துப்பட்டா மூட்டைக்கு வெளியே நீண்டு கிடந்ததை உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். இழுக்க நேரமில்லை.

பூவரசன் உள்ளே வந்தான். தண்ணீர் பாட்டில் பெட்டி ஒன்று கேட்டான். பெரியப்பா எடுத்துக் கொடுக்க வெகு நேரம் ஆனது. தம்பியின் செருப்பு அவள் துப்பட்டாவுக்கு ஒரு ஜாண் தள்ளி நின்றது. அவன் உடனே போகவில்லை. பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பந்தி ஆரம்பிக்கப் போவுது பெரியப்பா," என்றான். "கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. நானும் அப்பாவும் முன்வாசல்லதான் இருப்போம்."

செருப்பு திரும்பிப் போனது. முன்வாசலை அடைத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. போ, ஜல்தியாப் போ என்று பெரியப்பா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அதே சந்து, அதே ஓட்டம். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அவள் பின்னால் பைக் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் சாவிக்கொத்து மிஷனைத் தூக்கி எறிந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆடுகிறவன் இனி மணப்பெண். எட்டு மணிக்குள் மண்டபத்தை விட்டு வெளியே போக வேண்டும். போனைக் கையோடு எடுத்துப் போனால் புள்ளி நகரும், மாட்டிக்கொள்வாள். வாளி வேண்டும். மருதாணிக் கையை மறைக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு அத்தையும் ஒரு காவலாளி. ஸ்டோர் ரூமையும் கட்டினாள். வாழைத்தார், அரிசி மூட்டை, தேங்காய்க் குவியல், கிரீச்சிடும் தாழ்ப்பாள், எல்லாம் அப்படியே வந்தது. அவளே ஆடிப் பார்த்து வேர்த்து விறுவிறுத்துப் போனாள்.

முஆத் ஆடினான். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஒரு தடவை ஆடினான். இது எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

"ஸ்டோர் ரூம்ல ஒரு ஆள் போடணும் பாஞ்சாலி. இவ்ளோ தூரம் வந்துட்டு அங்க யாருமே இல்லன்னா சப்புனு ஆயிடுது."

"அங்க யாரும் இல்லண்ணா."

"கேம்தானே. ஒரு கெழவனை உக்கார வெச்சா ஆச்சு."

"யாருமே இல்ல," என்றாள். அவள் குரல் உயர்ந்து அவன் அன்றைக்குத்தான் கேட்டான். அதோடு விட்டுவிட்டான்.

லெவல் வெளியே வந்தது, கேம் கம்பெனிக்குப் பிடித்தும் போயிற்று. அடுத்த ஆறு லெவலையும் இவர்களுக்கே கொடுத்தார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள் எச்சில் இலை வாளியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துப் பந்தியில் நடந்தார்கள். எல்லாரும் சொன்ன குறை ஒன்றுதான். கடைசி அறையில் காவலாளி இல்லை, வைக்க மறந்துவிட்டார்கள் போல என்றார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் பாஞ்சாலிக்கு நிம்மதியாக இருந்தது.

இருபது நாள் கழித்து ஒரு சாயங்காலம் விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. பூவரசன்.

'அம்மாதான் நம்பர் குடுத்திச்சி. நீ கட்டின கேம்னு சொல்லிச்சி, ஆடினேன். இது நம்ம மண்டபம்தானே. ஒரு ஆணிகூட மாறல.'

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அடுத்த செய்தி வந்தது.

'ஸ்டோர் ரூம்ல மட்டும் ஆளே இல்ல. அன்னிக்கு சாவி பெரியப்பாகிட்டதான இருந்திச்சி?'

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டோம் என்று பாஞ்சாலிக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டுக்காரனுக்கு அது ஆள் இல்லாத அறை. கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூமை ஆள் இல்லாமல் விடமாட்டார்கள் என்பது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். இலை எடுக்கிறவள் முதல் இட்லி தின்கிற அத்தைவரை அத்தனை பேரையும் வைத்துவிட்டு ஒரே ஒருத்தரை மட்டும் எடுத்தால், எடுத்தது யாரை, எதற்கு என்று தம்பிக்கா தெரியாது? காப்பாற்றுகிறேன் என்று அவளே விரலை நீட்டிக் காட்டிவிட்டாள். அப்பாவும் பார்த்திருப்பாரா? இந்நேரம் பெரியப்பா வீட்டு வாசலில் என்ன நடந்துகொண்டிருக்கிறதோ. எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள்.

'பெரியப்பா அப்ப சாப்புடப் போயிருந்தாரு.'

அனுப்பிவிட்டாள். அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அவள் மடித்த துணியை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

'தெரியும். அன்னிக்கு அப்பா கேட்டப்ப நானும் அதையேதான் சொன்னேன்.'

அதன் கீழே இன்னொன்று வந்தது.

'கொல்லக் கதவுத் தாப்பாளப் போட்டுட்டுதான் பைக்க எடுத்தேன். அக்கா, அடுத்த தடவ வந்தா துப்பட்டாவ இழுத்து வுட்டுக்க.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழுதாளா, சிரித்தாளா என்று பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டால் இரண்டும் என்பாள். வெளியே யாரோ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று தரமோ நாலு தரமோ தட்டியிருப்பார்கள், பாஞ்சாலி எண்ணவில்லை. வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.